ஈரலுக்கும் கிட்னிக்கும் நடுவுல

ஏனுங்க, பக்கத்துல உக்காந்துக்கிட்டுக் காதைப் பொத்திக்க முடியுங்களா? நீங்க போன்ல பேசுனது கேட்டுப்போச்சு, தப்பா நினைச்சுக்காதீங்க. பையன் டாக்டருக்குப் படிக்கறானா? மூணாவது வருசமா? ரொம்ப சந்தோசம். அப்ப இன்னும் ஒரு வருசத்துல அவனுக்கு ஸ்கேன் கிளாஸ் வந்துரும். வந்தா நீங்க என்னை நினைச்சுக்குவீங்க. நான் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் குடுத்தவனுங்க.

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. டாக்டர் இல்லைங்க நான். லிஃப்ட் ஆபரேட்டர். பேரு சென்னியப்பன். காலேஜ் பேரு வேண்டாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறேன். பஸ்ஸு பல்லடம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுப்போடறேன், நீங்களே நாயம் சொல்லுங்க. அந்த ஸ்கேன் கட்டில்ல இருந்து என்னை எறக்கி மறுக்கா லிஃப்ட் ஸ்டூல்ல உக்கார வெச்சது சரியா, தப்பா? அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்.

பத்தொம்பது வருசமுங்க அந்த லிஃப்ட்டுல. எத்தனை டாக்டரு ஏறி எறங்கியிருப்பாங்க. ஒருத்தர் கூட என் மூஞ்சியப் பாத்ததில்லை. லிஃப்ட்டுக்குள்ள வந்தா எல்லாரும் தலைக்கு மேல மாறுற நம்பரைத்தான் பாப்பாங்க. ‘மூணு’ம்பாங்க, ‘அஞ்சு’ம்பாங்க. என் பேரே மூணு, அஞ்சுன்னு ஆகிப்போச்சு.

ஒரு நாள் ஹெலன் மேடம் ஏறுனாங்க. அவங்கதான் ஸ்கேன் டிபார்ட்மெண்டுக்குப் பெரிய டாக்டர். நம்பரைப் பாக்கலைங்க. என்னைப் பாத்தாங்க. மேல இருந்து கீழ வரைக்கும், மாட்டுச் சந்தையில காளையப் பாக்கற மாதிரி ஒரு பார்வை. ‘அண்ணா, மத்தியானம் சாப்பிட்டீங்களா’ன்னாங்க. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. பத்தொம்பது வருசத்துல ஒரு டாக்டர் கேட்ட மொதக் கேள்வி பாருங்க. ‘இன்னும் இல்லீங்க மேடம்’னேன். ‘ரொம்ப நல்லது, சாப்பிடாதீங்க. மூணாவது மாடிக்கு வாங்க’ன்னாங்க.

விசயம் என்னன்னா, கடைசி வருசப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் பழக்கணும். ஒரு ரப்பர் பொம்மை வெச்சிருந்தாங்க, அது கிழிஞ்சுபோச்சு. பசங்களுக்குள்ளயே ஒருத்தனுக்கு ஒருத்தன் பாத்துக்கலாம்னா ஒருத்தன் கூச்சத்துல நெளியறான், பொம்பளைப் புள்ளைக மாட்டேங்குது. ஒல்லியா, அடக்கமா, வெறும் வயித்தோட ஒரு ஆளு வேணும். ஒல்லியா இருந்தா உள்ள இருக்கறது பளிச்சுன்னு தெரியுமாம். என் உடம்பைத்தான் பாக்கறீங்களே, எலும்புக்கு மேல ஒரு சட்டை, அவ்வளவுதான். எட்டு வாரத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் படுத்துக் கிடக்கணும். முடிஞ்சதும் ரெண்டு இட்லி, ஒரு வடை, காபி. கரும்பு தின்னக் கூலின்னு சொல்லுவாங்கல்ல, அதுதான் இது.

ஊர்ல விட்டாங்களா? ‘சென்னியப்பனுக்கு வாரம் ரெண்டு ஸ்கேனாம், எத்தனாவது மாசம்’னு டீக்கடையில கேக்கறான். எம்பொண்டாட்டி மயிலாத்தா அதுக்கு மேல. ‘வளைகாப்பு எப்பன்னு சொல்லுங்க, ஒரம்பரைக்கெல்லாம் சொல்லோணுமில்ல’ங்கறா. பேசட்டும்னு விட்டுப்போட்டேன்.

மொத நாள் எப்படின்னு சொல்றேன். கட்டில்ல படுக்க வெச்சு, சட்டையைக் கழட்டி, வயித்துல ஜெல்லை ஊத்துனாங்க. ஐஸுங்க. அதுக்கு மேல ஒரு கட்டைய வெச்சு அழுத்தறாங்க, சவரம் பண்ற மெஷின் மாதிரி, வாலுல ஒயரு. அதுல தெரியறது மெஷின் டிவியிலயும் வரும், எல்லாப் பிள்ளைகளும் பாக்கறதுக்காகச் சுவத்துல மாட்டின பெரிய டிவியிலயும் வரும். அந்தப் பெரிய டிவி எனக்கு நேரா இருந்துச்சு. இதைக் கவனமா வெச்சுக்கோங்க.

மேடம் பிள்ளைகளுக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது ஒரே ஒரு எடம்தான். வலது விலாவுக்குள்ள ஈரல் இருக்கு. அதுக்குக் கீழ கிட்னி, அவரைக்கொட்டை மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. சாதாரணமா அந்தச் சந்து இருக்கறதே தெரியாது, வெள்ளைக் கோடு ஒண்ணு மட்டும் தெரியும். விபத்துல அடிபட்டு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா, அங்கதான் வந்து நிக்குமாம். கோடு இருந்த எடத்துல கறுப்பாத் தெரியும். வெளிய ஒரு கீறல் கூட இருக்காதாம், ஆளு நல்லாப் பேசிக்கிட்டு இருப்பானாம், உள்ள ரொம்பிக்கிட்டு இருக்குமாம். ‘இந்த ஒரு எடத்தை ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிக்கத் தெரிஞ்சா நீங்க ஒரு உசுரக் காப்பாத்துவீங்க’ன்னு மேடம் சொன்னாங்க. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. என் ஈரலும் கிட்னியுமுங்க அது.

ஆனா பிள்ளைகளுக்கு எங்க வருது? ஒருத்தன் தொப்புள்கிட்டத் தேடறான். ஒருத்தி விலா எலும்பு மேலயே கட்டைய வெச்சுக்கிட்டு டிவில கறுப்பா இருக்குன்னு பயந்துக்கறா. தருண்னு ஒரு பையன், நல்ல உசரம், நல்ல சிரிப்பு, வந்ததும் ‘குட் மார்னிங் சென்னியப்பண்ணா’ன்னு சொன்ன மொத ஆளு அவன்தான். அவன் ஏழு நிமிசமாத் தேடறான். வேர்த்து ஊத்துது. மேடம் வேற ‘என்னப்பா, அங்க கிட்னி வெச்சிருக்காரா அவரு’ன்னு கேட்டுட்டாங்க. எல்லாம் சிரிக்குது. பையன் மூஞ்சி சுருங்கிப்போச்சு.

எனக்கு மனசு கேக்கலைங்க. டிவியப் பாத்தேன். கட்டை ரெண்டு விரக்கடை கீழ இருக்குது. மூச்சை மெல்ல உள்ள இழுத்தேன். இழுத்தா ஈரலும் கிட்னியும் கீழ எறங்கி வரும்னு மேடம் சொல்லியிருந்தாங்க. இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, வலது கையத் தலைக்கு மேல தூக்கி, இடுப்பை இடது பக்கமா ஒரு அரை அங்குலம் உருட்டினேன். டிவில பளிச்சுன்னு வந்து நின்னுச்சு. ஈரல், கிட்னி, நடுவுல கோடு. ‘வெரி குட் தருண்’னாங்க மேடம். பையன் என்னைப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு எட்டு வாரம் என்னங்க, எட்டு வருசம் படுத்துக் கெடக்கலாம்.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் யாரையும் கஷ்டப்பட விடலை. கட்டைய எங்க வெச்சாலும் சரி, அவங்க நகர்த்தத் தேவையில்லை, நான் நகர்ந்துக்குவேன். மேல வெச்சா மூச்சை விட்டுப்போடுவேன். கீழ வெச்சா இழுத்துப் பிடிப்பேன். முன்னால வெச்சா இந்தப் பக்கம், பின்னால வெச்சா அந்தப் பக்கம். மூணாவது வாரத்துல டிவியக் கூடப் பாக்க மாட்டேன், ஜெல் எங்க குளுருதுன்னு வெச்சே சொல்லிப்போடுவேன். பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைக. கட்டைய வெச்சுட்டு டிவியப் பாக்காது, என் மூஞ்சியப் பாக்கும். நான் கண்ணை மூடித் தொறந்தா படம் விழுந்துருச்சுன்னு அர்த்தம்.

மேடத்துக்கு ஒரே ஆச்சரியம். ‘இப்படி ஒரு பேட்ச நான் பாத்ததே இல்லை’ன்னு டீன்கிட்டயே சொன்னாங்க. டீன் வந்து பாத்தாரு. பதினேழு பேரும் ஒரு நிமிசத்துக்குள்ள போட்டுக் காட்டுனாங்க. எனக்குக் கை குடுத்தாரு. இப்ப லிஃப்ட்டுப் பக்கம் நான் போனா பிள்ளைக பூராம் ‘அண்ணா, அண்ணா’ங்குது. வடை ரெண்டாச்சு. நான் இனி ஸ்டூல்ல போய் உக்காரக் கூடாது, இந்தக் கட்டில்லயே ரிடையர் ஆகோணும்னு மருதமலைக்கு நேந்துக்கிட்டேன்.

பதினேழுன்னு சொன்னேன்ல? அந்தப் பதினெட்டாவது ஒண்ணு இருக்கே. தஸ்லிமான்னு பேரு. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. அந்தப் புள்ளைக்குக் கை வரவே இல்லைங்க. நான் என்ன பண்ணுவேன்? கட்டைய வெச்சதும் வழக்கம் போல மூச்சை இழுத்தேன். ‘அண்ணா, நான் சொல்லும்போது இழுத்தாப் போதும்’னுச்சு. சரின்னு இடுப்பை உருட்டினேன். ‘அண்ணா, ஆடாதீங்க’ன்னுச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் வாத்தியாரு, எனக்கே பாடம்.

மத்தவங்க ஒரு நிமிசம்னா அதுக்கு இருவது நிமிசம். கட்டைய அக்கட்ட நகர்த்தும், இக்கட்ட நகர்த்தும், சாய்க்கும், நிமித்தும், நோட்டுல எழுதும். எனக்கு இட்லி ஆறிப்போயிரும். ஒரு நாள் எல்லாரும் போன பொறவு மெதுவாக் கேட்டுச்சு. ‘அண்ணா, நீங்க எங்களுக்கு ஹெல்ப் பண்றீங்களா?’

நான் அசரலையே. ‘வயசாச்சு அம்மணி, படுத்தா உடம்பு நடுங்குது’ன்னேன். அது யாருகிட்டயும் சொல்லலை, அதை நான் ஒத்துக்கறேன். ஆனா அடுத்த தடவை என் மூஞ்சி மேல ஒரு துண்டைப் போட்டுருச்சு. ‘உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குக் கவனம் போகுதுண்ணா’ங்குது. பிணத்துக்குப் போடற மாதிரி போட்டா எப்படி இருக்கும் சொல்லுங்க? நான் நேரா மேடத்துகிட்டப் போயிட்டேன். ‘மேடம், அந்தத் தஸ்லிமாப் பாப்பாவுக்கு ஸ்கேன் வராது. வேற எதாவது, கண்ணு, காது, அந்த மாதிரி படிக்கச் சொல்லுங்க. ஒரு உசுரு அது கையில போயி மாட்டக் கூடாது’ன்னு சொல்லிப்போட்டேன். அக்கறையிலதான் சொன்னேன்.

பரிட்சை வந்துச்சு. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து ஒரு டாக்டரை வரச் சொல்லியிருந்தாங்க. நான் காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்காம, குளிச்சு, திருநீறு வெச்சுக்கிட்டுப் போயிப் படுத்தேன். அந்த மனுசன் வந்து என்னைப் பாத்தாரு. ‘இவரைத்தானே எட்டு வாரமாப் பாத்திருக்காங்க? வேற ஆளைப் படுக்க வைங்க’ன்னாரு. எறங்குன்னு சொல்லிப்போட்டாங்க. யாரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க தெரியுங்களா? கேன்டீன் பரோட்டா மாஸ்டர் வெள்ளிங்கிரி. நூத்திப் பத்துக் கிலோ. அப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்து ஏப்பம் விடறான்.

நான் கதவு சந்துல நின்னு பாத்தேன். தருண் போயி கட்டைய வெச்சான். வெச்சுட்டு வெள்ளிங்கிரி மூஞ்சியப் பாத்தான். அந்தத் தடியன் ‘கூசுது சார்’னு கெக்கெக்கென்னு சிரிக்கறான். உடம்பைக் காட்டத் தெரிய வேண்டாமுங்களா? ஒரு அங்குலம் நகர்ந்து குடுத்தா என்ன? பாறை மாதிரி கெடக்கறான். தருண் அஞ்சு நிமிசம் தேடிட்டு விலகிட்டான். அடுத்தவனும் விலகிட்டான். பதினேழு பேருங்க, பதினேழு பேரும் பெயில். இப்பவும் சொல்றேன், அது வெள்ளிங்கிரி தப்பு. பிள்ளைக தப்பு ஒண்ணுமில்லை.

தஸ்லிமா மட்டும் பாஸ். ஆறு நிமிசம் ஆச்சு, ஆனா காட்டிருச்சு. குருட்டு அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கிட்டேன்.

சாயந்தரம் மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. லேபுல யாருமில்லை. ‘படுங்கண்ணா’ன்னாங்க. படுத்தேன். ஜெல்லைப் போட்டு, கட்டைய எடுத்து வெச்சாங்க. எனக்கு அதிர்ச்சியாப் போச்சு. இவ்வளவு பெரிய டாக்டர், கட்டைய வெச்சிருக்கறது மூணு விரக்கடை கீழ. பாவம், பிள்ளைக பெயிலான வருத்தத்துல கை தடுமாறுதுன்னு நினைச்சு, மூச்சை இழுத்துப் பிடிச்சு, இடுப்பை மெதுவா உருட்டினேன். டிவில படம் வந்து நின்னுச்சு.

மேடம் டிவியப் பாக்கலை. என் இடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கட்டைய எடுத்து ஸ்டாண்டுல மாட்டிட்டு, ஒரு துணி குடுத்து தொடைச்சுக்கச் சொன்னாங்க. ‘சென்னியப்பண்ணா, எட்டு வாரமும் ஸ்கேன் எடுத்தது நீங்கதான். அவங்க கட்டைய மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க’ன்னாங்க. நான் எழுந்து கும்பிட்டேன். ‘எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்’னேன். நல்ல வார்த்தை சொன்னா நன்றி சொல்லணுமில்லீங்களா?

மறுநாள் என்னை லிஃப்ட்டுக்கு அனுப்பிப்போட்டாங்க. என்ன நாயமுங்க இது? பாராட்டுன மறுநாள். பிள்ளைகளுக்கு மறுக்கா கிளாஸ், கட்டில்ல வெள்ளிங்கிரி. அவன் லிஃப்ட்டுல ஏறி ‘மூணு’ங்கறான். வெறும் மூணு. எனக்கு எப்படி இருக்கும்? நாலு நாளு வீட்டுல யாருகிட்டயும் பேசலை. கட்டில் போச்சுன்னு கூட இல்லைங்க. நான் சொல்லிக் குடுத்தது தப்புங்கற மாதிரி ஆயிருச்சே, அதுதான் தாங்க முடியலை. தருண் டாக்டராகி, ஒரு நாளைக்கு ஒரு உசுரைக் காப்பாத்திக் காட்டுவான், அன்னிக்குத் தெரியும் சென்னியப்பன் யாருன்னு. அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன்.

அஞ்சாவது நாளு. காலையில பதினோரு மணி இருக்கும். லிஃப்ட்டு கீழ நிக்குது. செக்யூரிட்டி ஓடியாறான். ‘அண்ணா, உங்க வீட்டுக்காரம்மா கேஷுவால்டில.’

அவ தங்கச்சி மகன் வண்டியில பின்னால உக்காந்து நோம்பிக்குத் துணி எடுக்கப் போயிருக்கா. காலேஜ் திருப்பத்துல ஜல்லி கொட்டிக் கெடந்துருக்கு. வண்டி சறுக்கி, அவ கீழ விழுந்து, அவ மேல வண்டி. ஹேண்டில்பார் வலது விலாவுல. பையனுக்கு முழங்கைல சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளுக்கு வெளிய ஒரு கீறல் கூட இல்லைங்க. நல்லாப் பேசறா. ‘துணிக்கடை பத்து மணிக்கே தொறந்துருப்பான்’ங்கறா. வெளிய கீறல் இருக்காது, ஆளு நல்லாப் பேசும். எட்டு வாரம் கேட்டவனாச்சே நான்.

அன்னிக்குன்னு பாத்து மேடம் சென்னையில மீட்டிங். அரைமணிக்கு முன்னால ஒரு மில்லு வேன் கவுந்து ஆறு பேரு வந்து கெடக்கறாங்க. டூட்டி டாக்டர் ஒரு ஆளு தொடையில ரத்தம் வர்ற எடத்தை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. கையை எடுக்க முடியாது. அங்கிருந்தே கழுத்தைத் திருப்பி, ‘ஃபைனல் இயர், யாராவது மெஷினை எடுங்கப்பா. அந்தம்மாவுக்கு வலப்பக்கம் பாத்து, படத்தை எனக்குத் தெரியற மாதிரி திருப்புங்க’ன்னாரு.

அங்க நின்ன ரெண்டு பேரு யாருங்கறீங்க? ஒண்ணு தருண். இன்னொண்ணு அந்தத் தஸ்லிமா. அது மெஷின் பக்கம் போகுது. நான் குறுக்க பாஞ்சேன். ‘நீ வேண்டாம் கண்ணு, தயவு செஞ்சு வேண்டாம்’னேன். தருண் கையப் பிடிச்சு இழுத்தேன். ‘தம்பி, நீ பாருப்பா. எம்பொண்டாட்டிப்பா. ஒரு நிமிசத்துல போடுவியே, போடுப்பா.’

தருண் கட்டைய வாங்குனான். மயிலாத்தாளைப் பாத்தான். அவ கொஞ்சம் தாட்டியான உடம்பு. வலியில சின்னச் சின்ன மூச்சா விட்டுக்கிட்டுக் கெடக்கறா, பொரளவும் முடியாது. அப்புறம் என்னைப் பாத்தான். மொத நாளு பாத்த அதே மூஞ்சி, சுருங்கிப்போன மூஞ்சி.

‘அண்ணா, எனக்கு உங்க வயித்துல மட்டுந்தான் தெரியும்’னான்.

சொல்லிட்டுக் கட்டையத் தஸ்லிமாகிட்ட நீட்டிட்டான். நான் வழி விட்டேன்.

அந்தப் புள்ளை என்னைப் பாக்கலை. ‘அக்கா, குளுரும், பொறுத்துக்கோங்க’ன்னு சொல்லி ஜெல்லைப் போட்டுச்சு. வெச்சுது. டிவில ஒரே மூட்டமா இருக்கு. ஒரு விலா மேல போச்சு. எலும்பு. கட்டையச் சாய்ச்சுது. நான் கால்மாட்டுல நின்னுக்கிட்டு, இழு மயிலா, மூச்சை இழு, உருளு, அரை அங்குலம் உருளுன்னு உள்ளுக்குள்ள கத்தறேன். அவளுக்கு எங்க கேக்கும்? அவ ஜல்லிக்காரனைத் திட்டிக்கிட்டுக் கெடக்கறா. அந்தப் புள்ளை அவளை ஒண்ணும் பண்ணச் சொல்லலைங்க. இழுங்கன்னும் சொல்லலை, பொரளுங்கன்னும் சொல்லலை. அவ எப்படிக் கெடந்தாளோ அப்படியே கெடக்கட்டும்னு கைதான் போயிக்கிட்டே இருக்குது. கொஞ்சம் பின்னால, கொஞ்சம் மேல, கொஞ்சம் சாச்சு. மூட்டத்துக்குள்ள ஈரல் வந்துச்சு. நழுவிப் போச்சு. மறுக்கா பிடிச்சுது. அவரைக்கொட்டை வந்துச்சு. நடுவுல கோடு. வெள்ளைக் கோடுங்க. கறுப்பு இல்லை. மேலயும் கீழயும் அந்தக் கோட்டு ஓரமாவே கட்டையை மெல்ல ஓட்டிப் பாத்துச்சு, அவசரமே படலை. மெஷினை டூட்டி டாக்டர் பக்கம் திருப்புச்சு. அவரு எட்டிப் பாத்து, ‘க்ளியர். நல்லாப் பிடிச்சிருக்கே, அரைமணி கழிச்சு இன்னொரு தடவை பாத்துரு’ன்னாரு.

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. ஏன் பாக்கறாங்கன்னு எனக்குப் புரியலை. தருண் பாக்கறான், நர்ஸ் பாக்குது, மயிலாத்தாளே திட்டறதை நிறுத்திட்டுப் பாக்கறா. அந்தத் தஸ்லிமா கட்டையத் தொடைச்சு மாட்டிட்டு எங்கிட்ட வந்துச்சு. என் வலது கை தலைக்கு மேல தூக்கியிருக்குதுங்க. இடுப்பு இடது பக்கம் சாஞ்சிருக்குது. அது அந்தக் கையப் பிடிச்சு மெதுவாக் கீழ எறக்கி விட்டுச்சு.

‘அண்ணா, அக்காவுக்கு ஒண்ணுமில்லை. நீங்க மூச்சை விடுங்க’ன்னுச்சு.

அப்பத்தானுங்க விட்டேன்.